பீர் பெட்டியைத் தூக்கிவிட்டால் குடி நின்றுவிடுமா? பேஸ்பால் அணிகளும் குடிநோயும்

#1 ஏழாவது இன்னிங்ஸ்

2010 அக்டோபர் 12. டெக்சஸ் ரேஞ்சர்ஸ் என்ற பேஸ்பால் அணி அதுவரை ஒரு பிளேஆஃப் (சீசன் முடிந்தபின் நடக்கும் வெளியேற்றுச் சுற்று) தொடரைக்கூட ஜெயித்ததில்லை. அன்றைக்கு டாம்பா பே ரேஸ் அணியை அவர்கள் மைதானத்திலேயே மடக்கிவிட்டார்கள். ஜெயித்த பிறகு கிளப்ஹவுஸில் (வீரர்கள் உடை மாற்றும் அறையில்) என்ன நடக்கும் என்று பேஸ்பால் பார்ப்பவர்களுக்குத் தெரியும். லாக்கர்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருக்கும். கண் எரியாமலிருக்க நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆளாளுக்கு ஷாம்பெயினும் பீரும் பீய்ச்சுவார்கள். தரையெல்லாம் வழுக்கும்.

அணியின் பெரிய ஆள் ஜோஷ் ஹாமில்டன். போதையாலும் குடியாலும் 2003 முதல் 2006 வரை ஏறக்குறைய ஆட்டமே இல்லாமல் போனவர். அந்த அறைக்குள் அவர் எப்படிப் போவார்? மற்ற அணியாக இருந்தால் ‘நீ ஓரமாக இரு, நாங்கள் முடித்துவிட்டு வருகிறோம்’ என்றிருப்பார்கள். ரேஞ்சர்ஸ்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், கனடா ட்ரை ஜிஞ்சர் ஏல் பாட்டில்களை வாங்கி வைத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தார்கள். அவர் நுழைந்ததும் எல்லோருமாகச் சேர்ந்து அவரைத் தலையிலிருந்து கால்வரை ஜிஞ்சர் ஏலில் குளிப்பாட்டினார்கள். ஷாம்பெயின் அதற்கப்புறம்தான்.

இப்போது 2015. அதே ஹாமில்டன், வேறு அணி. லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அவரை ஐந்து வருடத்துக்கு 12.5 கோடி டாலர் பேசி எடுத்திருந்தது. அந்தக் குளிர்காலத்தில் மறுபடி பழைய பழக்கத்தில் வழுக்கிவிட்டார். யாரும் பிடிக்கவில்லை, அவரே போய்ச் சொன்னார். தகராறைத் தீர்க்க வைத்த மத்தியஸ்தர், இது சிகிச்சைத் திட்டத்தை மீறியதாகாது, இடைநீக்கம் செய்ய முடியாது என்று தீர்ப்பளித்தார். ஏஞ்சல்ஸ் நிர்வாகமோ, கொடுத்த வாக்கை மீறிவிட்டார், எங்களுக்கு ஏமாற்றம் என்று அறிக்கை விட்டது. மைதானக் கடையிலிருந்து அவர் பெயர் போட்ட சட்டைகள் காணாமல் போயின. ஏப்ரல் முடிவதற்குள் அவரை ரேஞ்சர்ஸுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று சீசனுக்குச் சுமார் 8 கோடி டாலர் பாக்கி இருந்தது. அதில் பெரும்பகுதியைத் தாங்களே கட்டுகிறோம், ஆள் போனால் போதும் என்று.

ஒரே ஆள், ஒரே நோய். ஏன் இவ்வளவு வித்தியாசம்? இதைப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

#2 கோணங்கி

இதற்கு ஒரு இழையா? 2010இல் அவர் பேட்டிங் சராசரி .359, அமெரிக்கன் லீகின் எம்விபி (அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர்). ஏஞ்சல்ஸில் 2014 பிளேஆஃபில் 13 முறை மட்டை பிடித்து ஒரு ஹிட் கூட இல்லை. கறக்கிற மாட்டுக்குப் புண்ணாக்கு, கறக்காத மாட்டுக்கு அடி. முடிந்தது விஷயம்.

#3 ஏழாவது இன்னிங்ஸ்

கோணங்கி, அது பாதிதான். ரேஞ்சர்ஸ் அவரை முதலில் எடுத்தபோதே கூட ஒரு ஆளையும் வைத்தது. ஜானி நாரன் என்ற பயிற்சியாளர். முந்தைய அணியான சின்சினாட்டியிலிருந்தே ஹாமில்டனோடு இருந்தவர். வெளியூர் ஆட்டம் என்றால் வீரர்களுக்கு உறையில் தினப்படிப் பணம் வரும். ஹாமில்டனின் உறை அவர் கைக்குப் போகாது, நாரன்தான் வாங்கி வைத்துக்கொள்வார். கையில் காசு இருந்தால் எங்கே போகும் என்று ஹாமில்டனுக்கே தெரியும், அதனால் அவரே ஒத்துக்கொண்ட ஏற்பாடு.

2011 சீசன் முடிந்ததும் நாரன் மில்வாக்கி அணியில் பேட்டிங் பயிற்சியாளராகப் போய்விட்டார். 2012 ஜனவரி கடைசியில் டாலஸில் ஒரு பாரில் ஹாமில்டன் குடித்தார். ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். 2009 தொடக்கத்தில், நாரன் இருந்தபோதே, ஒரு தடவை சறுக்கியிருக்கிறார். ஆனாலும் தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மனசுக்கு என்னமோ செய்கிறது.

#4 மீனாட்சிபுரத்தான்

நமக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும், தப்பாக நினைக்க வேண்டாம். வருடத்துக்கு 162 ஆட்டம் என்கிறீர்கள். தினமும் ஆட்டம் இருக்கும்போது ஒருத்தன் எப்படிக் குடித்துக்கொண்டே சமாளிக்க முடியும்? மறுநாள் பந்து கண்ணுக்குத் தெரியுமா?

#5 பழம்பேப்பர்

நல்ல கேள்வி தம்பி. மட்டை பிடிப்பவனுக்குத்தான் தினமும் வேலை. ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து வீசும் தொடக்கப் பிட்சருக்கு ஐந்து நாளுக்கு ஒரு நாள்தான் களம். மற்ற நாலு நாளும் பயிற்சி, பெஞ்ச், சூரியகாந்தி விதை. இந்த ஐந்து நாள் சுழற்சிதான் குடிக்கு வசதியான மறைவிடம்.

நியூயார்க் யாங்கீஸ் பிட்சர் சிசி சபாத்தியா இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். பந்து வீசி முடித்த ராத்திரி ஆரம்பிப்பாராம். இரண்டு மூன்று நாள் ஓடும். அப்புறம் நிறுத்தி, உடம்பைக் கழுவித் துடைத்து, அடுத்த முறை வீசப் போய்விடுவார். வருடக்கணக்கில் இப்படி. வெளியே பார்த்தால் நேரத்துக்கு வந்து நேரத்துக்கு வீசும் மனுஷன். தொடக்கப் பிட்சர் என்பவன் குடிக்கும் ஒழுங்காக டைம்டேபிள் போட்டு வைத்திருக்க முடிகிறது!

2015 அக்டோபர் 1, அவர் வீசி வென்ற ஆட்டத்தில்தான் யாங்கீஸ் பிளேஆஃபுக்குள் நுழைந்தது. அடுத்து பால்டிமோரில் ஆட்டங்கள். அந்த வார இறுதி முழுக்கக் குடி. ஞாயிறு அன்று மேனேஜர் (நம் கணக்கில் தலைமைப் பயிற்சியாளர்) ஜோ ஜிரார்டியிடம் போய் எனக்கு உதவி வேண்டும் என்றார். திங்கள் அன்று சிகிச்சைக்குப் போகிறார் என்று அறிவிப்பு. செவ்வாய் அன்று ஹூஸ்டனோடு ஒரே ஆட்டம், தோற்றால் வீட்டுக்கு. 0-3 என்று தோற்றார்கள்.

அந்தத் திங்கட்கிழமை எனக்கு ஞாபகம் இருக்கிறது. ‘இன்னும் இரண்டு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா’ என்று இங்கேயே, இதே தளத்திலேயே, ஆளுக்கு ஆள் எழுதினார்கள். நானும் எழுதினேன். இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. அணி அப்படிப் பேசவில்லை. பொது மேலாளர் பிரையன் கேஷ்மன், நாளைய ஆட்டத்தைவிட இது பெரிது என்ற பொருளில்தான் பேசினார். சபாத்தியா திரும்பி வந்தார், நாலு சீசன் ஆடினார், 2019இல் 3000ஆவது ஸ்டிரைக்அவுட் (மட்டை பிடிப்பவரை மூன்று ஸ்டிரைக்கில் வெளியேற்றுவது) எடுத்தார், 2025இல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்துக்குள் போனார்.

#6 கோணங்கி

ஆஹா, யாங்கீஸ் தர்மப் பிரபு! அதே யாங்கீஸ் தன் பிட்சர் டேவிட் வெல்ஸை என்ன செய்தது? 1998இல் பெர்ஃபெக்ட் கேம் (எதிரணியில் ஒருவரைக்கூடத் தளம் ஏறவிடாத ஆட்டம்) வீசியபோது பாதி போதையிலும் தலைவலியிலும் இருந்தேன் என்று 2003இல் புத்தகத்தில் எழுதினார். அணி 1 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அபராதம் குடித்ததற்கு இல்லை, கவனியுங்கள். சொன்னதற்கு. அணியின் பெயர் கெட்டுவிட்டதாம்.

#7 பழம்பேப்பர்

அது சரியான அடி, ஒத்துக்கொள்கிறேன். இன்னொரு பெர்ஃபெக்ட் கேம் கதையும் அதே வீட்டில் உண்டு. டொமிங்கோ ஹெர்மான், 2023 ஜூன் 28, ஓக்லாந்து. 27 பேர் வந்தார்கள், 27 பேரும் போனார்கள். மேஜர் லீக் (அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்) வரலாற்றிலேயே 24ஆவது. ஏறக்குறைய ஐந்து வாரம் கழித்து, குடித்துவிட்டுக் கிளப்ஹவுஸில் அமளி. மறுநாள் குடிநோய்ச் சிகிச்சைக்கு ஒத்துக்கொண்டார் என்று ரெஸ்ட்ரிக்டட் லிஸ்டில் (ஆடாமல் ஒதுக்கி வைக்கும் பட்டியல்) போட்டார்கள். யாங்கீஸ் சட்டையில் அவர் மறுபடி வீசவேயில்லை. அவருக்கு ஏற்கெனவே குடும்ப வன்முறைக்காக 81 ஆட்டத் தடை இருந்தது, ஆகவே சபாத்தியாவோடு நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனால் சபாத்தியா தானாகப் போய்ச் சொன்னார், ஹெர்மான் எல்லோர் கண்முன்னாலும் உடைந்தார். உள்ளே இருக்கும் நோய் ஒன்றாக இருந்தாலும், எப்படி வெளியே வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் மரியாதை கிடைக்கிறது.

#8 ஸ்டால்காரன்

நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். எங்கள் ஊர் மைதானத்தில் பல உணவு ஸ்டால்களைத் தொண்டு அமைப்புகள்தான் நடத்தும். விற்பனையில் ஒரு பங்கு நமக்கு. எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு நிதி சேர்க்க மூன்று சீசனாகப் போகிறோம். ஹாட் டாக், நாச்சோ, அப்புறம் பீர். கவுண்டரில் நிற்பதற்கு முன் மது விற்கும் பயிற்சி எடுக்க வேண்டும், அட்டை பார்க்க வேண்டும், ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு இரண்டுதான்.

ஏழாவது இன்னிங்ஸ் முடியும்போது பார்க்க வேண்டும் (இழை போட்டவர் பெயர் பொருத்தம்தான்!). பீர் விற்பனை நிறுத்தும் நேரம் என்று தெரிந்ததும் வரிசை வளைந்து கழிப்பறை வாசல்வரை போகும். எங்கள் செயலாளர் அக்கா வீட்டில் மாமா பீர் குடித்தால் மூன்று நாள் பேசமாட்டார். இங்கே நுரை சிந்தாமல் கோப்பையைச் சாய்த்துப் பிடித்து ஊற்றுவதில் அவரை அடிக்க ஆளில்லை.

2023இல் பிட்ச் கிளாக் (பிட்சர் இத்தனை விநாடிக்குள் வீச வேண்டும் என்ற கடிகாரம்) வந்தது. மூன்று மணி நேரம் ஓடிய ஆட்டம் 2 மணி 40 நிமிடத்தில் முடிய ஆரம்பித்தது. விற்பனை நேரம் குறைகிறதே என்று மில்வாக்கி மாதிரிச் சில அணிகள் பீர் விற்பனையை எட்டாவது இன்னிங்ஸ்வரை நீட்டின. அப்போது பிலடெல்பியா பிட்சர் மாட் ஸ்ட்ராம் கேட்டார்: ஏழாவதோடு நிறுத்துவதே ஜனங்கள் தெளிந்து வண்டி ஓட்டட்டும் என்றுதானே, ஆட்டம் வேகமானால் ஆறாவதுக்கு அல்லவா கொண்டுவர வேண்டும்? ஒரு ஆட்டக்காரன் கேட்டது இது. நிர்வாகத்தில் ஒருத்தருக்கும் தோன்றாமலா இருந்திருக்கும்?

#9 கோணங்கி

ஸ்டால்காரரே, இதைத்தான் நான் சொல்ல வந்தேன். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் 2007ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மைதானத்தின் பெயர் புஷ் ஸ்டேடியம். பீர்க் குடும்பத்தின் பெயர். 1953 முதல் 1996 வரை அணியே அந்தப் பீர்க் கம்பெனியின் சொத்து.

மார்ச்: மேனேஜர் டோனி லா ரூசா ஃபுளோரிடாவில் சிக்னலில் வண்டியை ஓடவிட்டபடியே ஸ்டியரிங்கில் தூங்கிவிட்டார். பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. போலீஸ் வந்து எழுப்பியது. குடித்து ஓட்டிய வழக்கு. வேலை? அப்படியே இருந்தது.

ஏப்ரல் 29: ஆட்டத்தின் இடையில் இறங்கும் ரிலீஃப் பிட்சர் ஜோஷ் ஹான்காக், 29 வயது. ராத்திரி ஒரு ரெஸ்டாரண்டில் குடித்துவிட்டு ஓட்டிப்போய், நெடுஞ்சாலையில் நின்றுகொண்டிருந்த இழுவை லாரியில் மோதி இறந்தார். ரத்தத்தில் ஆல்கஹால் 0.157. சட்ட வரம்பு 0.08. கையில் போன் வேறு. அந்த ரெஸ்டாரண்ட் யாருடையது? அதே அணியின் பழைய ஆட்டக்காரரும் வர்ணனையாளருமான மைக் ஷானனுடையது. ஊர் முழுக்க அணி, அணி முழுக்க ஊர்.

ஆகஸ்ட்: ஆட்டக்காரர் ஸ்காட் ஸ்பீசியோ சிகிச்சைக்காக ரெஸ்ட்ரிக்டட் லிஸ்டில்.

ஒரே சீசனில் மூன்று பேர். அணியின் பதில்? கிளப்ஹவுஸில் இனி பீர் கிடையாது! ஹான்காக் குடித்தது கிளப்ஹவுஸிலா? இல்லை. மேலே மாடத்தில் நாற்பதாயிரம் பேருக்கு விற்பனை நடக்கும், கீழே இருபத்தைந்து பேருக்குத் தடை. அடுத்த தடவை யாராவது மோதினால் வக்கீல் நோட்டீஸ் நமக்கு வரக்கூடாது என்பதைத் தவிர இதில் வேறு என்ன இருக்கிறது?

லா ரூசா கதைக்கு வால் உண்டு. 2020 பிப்ரவரியில் அரிசோனாவில் மறுபடி அதே மாதிரிக் கைது. அது தெரிந்தேதான் அந்த அக்டோபரில் சிகாகோ வைட் சாக்ஸ் அவரை மேனேஜராக்கியது.

#10 ஏழாவது இன்னிங்ஸ்

வக்கீல் நோட்டீஸ் பயம் இருந்தது உண்மை. ஆனால் பீர்ப் பெட்டியை எடுத்தது முழுக்க வெறும் வேஷம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆட்டம் முடிவது ராத்திரி பத்தரை. வேர்த்து வருகிறவன் கைக்கு எட்டும் இடத்தில் ஐஸில் போட்ட பீர் இலவசம். இரண்டு குடித்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவான். அந்த ஒரு வழியையாவது அடைக்கலாமே. ஓக்லாந்து 2006இலேயே செய்தது, அவர்கள் பிட்சர் எஸ்டபன் லோய்சா குடித்துவிட்டு ஃபெராரியில் பறந்து மாட்டிய பிறகு. பாஸ்டன் 2012இல் செய்தது, 2011 செப்டம்பரில் பிட்சர்கள் ஆட்டம் நடக்கும்போதே உள்ளே உட்கார்ந்து வறுத்த கோழியும் பீருமாக இருந்தது வெளியே வந்த பிறகு. அது குடிநோயே இல்லை, கட்டுப்பாடு கெட்டுப்போன கதை. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்ததுதான் வேடிக்கை.

#11 வார்டு ஏழு

பல நாளாக எட்டி நின்று படிப்பவள். குடிநோய் வார்டில் பதினொரு வருடம் நர்ஸாக இருந்தேன், அதனால் இரண்டு விஷயம்.

ஒன்று, ‘இத்தனை நாளாகக் குடித்தான், நாளையிலிருந்து தொடக்கூடாது என்றால் தீர்ந்தது’ என்று நினைப்பது ஆபத்து. உடம்பு பழகிப்போனவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு, சிலருக்கு இல்லாத பூச்சி சுவரில் ஊர்வது தெரியும். உயிரே போகலாம். டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். சபாத்தியா ஆட்டத்துக்கு முந்தின நாள் சிகிச்சைக்குப் போனாரே என்று திட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்காது.

இரண்டு, யாங்கீஸின் பழைய நட்சத்திரம் மிக்கி மேன்டில். எங்கள் வார்டு டாக்டர் ஒருவர் அமெரிக்காவில் படித்தவர், அவர்தான் அடிக்கடி சொல்வார். 536 ஹோம் ரன் அடித்தவர். 1994 ஜனவரியில்தான் சிகிச்சைக்குப் போனார், ஆட்டத்தை விட்டு 25 வருடம் கழித்து. குடியை நிறுத்திவிட்டார், ஆனால் ஈரல் காத்திருக்கவில்லை. 1995 ஜூனில் மாற்று ஈரல், ஆகஸ்ட் 13இல் மரணம், 63 வயது. இடையில் ஜூலையில் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, உடம்பு பாதியாகிப் போயிருந்த நிலையில், என்னை மாதிரி ஆகாதீர்கள் என்றார். அவர் ஆடிய காலத்தில் அணி என்ன செய்தது? ராத்திரி எத்தனை மணிக்கு வந்தான், எந்த நிலையில் அடித்தான் என்று சிரிக்கச் சிரிக்கக் கதை சொன்னார்கள். எல்லோரும் கூடவே குடித்தவர்கள்தான்.

வீடுகளிலும் இதேதான். ‘எவ்வளவு குடித்தாலும் தடுமாறாமல் நடப்பான்’ என்று பெருமையாகச் சொல்கிற சொந்தக்காரர்களை எத்தனை பேரைப் பார்த்திருப்பேன். அட்மிஷன் போடும்போது அவர்களே வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

#12 பழம்பேப்பர்

அக்கா சிரிப்புக் கதை என்றதும் ஹாக் வில்சன் ஞாபகம் வந்துவிட்டார். 1930இல் ஒரே சீசனில் 191 ஆர்பிஐ (அவர் மட்டையால் அணிக்கு வந்த ரன்கள்). இன்றுவரை யாரும் தொடவில்லை. மேனேஜர் ஜோ மெக்கார்த்தி அவருக்குப் புத்தி சொல்ல ஒரு புழுவைத் தண்ணீரில் போட்டுக் காட்டினாராம், நெளிந்தது. விஸ்கியில் போட்டாராம், செத்தது. ‘இதிலிருந்து என்ன தெரிகிறது?’ ‘விஸ்கி குடித்தால் வயிற்றில் புழு வராது.’ இது நடந்ததோ இல்லையோ, நூறு வருடமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். 1948இல் பால்டிமோரில் கையில் காசில்லாமல் செத்தார், 48 வயது. ஈமச் செலவுக்கு நேஷனல் லீக் தலைவர் பணம் அனுப்ப வேண்டியிருந்தது. இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

சரி, இந்த இழையில் இன்னும் வராத ஆளுக்கு வருகிறேன். டான் நியூகோம். மேஜர் லீகில் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் காலத்து டாட்ஜர்ஸின் கறுப்பினப் பிட்சர். 1956இல் 27 வெற்றி, எம்விபி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை முதன்முதலாக வாங்கியவரே அவர்தான். குடி எல்லாவற்றையும் தின்றது. 1966இல் மனைவி பிள்ளைகளோடு கிளம்பப் பார்த்தபோது, மூத்த மகன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். இனி தொடமாட்டேன் என்று. நம் ஊரில் தினமும் ஆயிரம் தலைமீது செய்யப்படும் அதே சத்தியம். இவர் 2019இல் 92 வயதில் சாகும்வரை காப்பாற்றினார். (அக்கா, டாக்டர் இல்லாமல் நிறுத்தினாரே என்று சண்டைக்கு வராதீர்கள்!)

அதோடு விட்டிருந்தால் இங்கே எழுதமாட்டேன். 1970இல் டாட்ஜர்ஸ் அவரைச் சமூகத் தொடர்பு வேலைக்கு எடுத்தது. அவர் ஊர் ஊராக, அணி அணியாகப் போய்க் குடிநோய் பற்றிப் பேச ஆரம்பித்தார். 1979 கடைசியில் டாட்ஜர்ஸின் இளம் பிட்சர் பாப் வெல்ச் சான் பிரான்சிஸ்கோவில் ஆட்டத்துக்கே போதையில் வந்து எதிரணிக்காரரோடு வம்புக்குப் போனார். முந்தின வருடம் உலகத் தொடரில் (சீசனின் இறுதித் தொடர்) யாங்கீஸ் நட்சத்திரம் ரெஜி ஜாக்சனை வீழ்த்தி நாடு முழுக்கப் பேசப்பட்ட பையன். விற்றுத் தள்ளியிருக்கலாம். 1980 ஜனவரியில் அரிசோனாவின் விக்கன்பர்கில் இருந்த ‘தி மெடோஸ்’ சிகிச்சை மையத்துக்கு அனுப்பினார்கள். ஐந்து வாரத்துக்கு மேல் இருந்தார். பின்னால் 1990இல் ஓக்லாந்துக்கு 27 வெற்றி, சை யங் விருது. நியூகோமும் 27, வெல்சும் 27. அதற்கப்புறம் எந்தப் பிட்சரும் ஒரு சீசனில் 25ஐக்கூடத் தொட்டதில்லை.

அதே 1980 வசந்தகாலப் பயிற்சியில் நியூகோம் கான்சஸ் சிட்டி ராயல்ஸிடம் பேசப் போனார். வீரர்கள் முன்னால் சில கேள்விகளைக் கேட்டார். தனியாகக் குடிக்கிறாயா, நேற்று நடந்தது மறந்துபோகிறதா என்கிற மாதிரியான கேள்விகள். மனசுக்குள்ளேயே பதில் சொல்லிப் பாருங்கள், சிலவற்றுக்கு ஆம் என்றால் நீங்கள் குடிநோயாளியாக இருக்கலாம் என்றார். கேட்டுக்கொண்டிருந்த கேட்சர் டாரெல் போர்ட்டர் உள்ளுக்குள் நொறுங்கிவிட்டார். சில நாளில் அவரும் மெடோஸில். 1982 உலகத் தொடரின் எம்விபி அவர். கடைசிவரை நன்றாக இருந்தார் என்று முடிக்க ஆசை. 2002இல் இறந்தபோது உடம்பில் கொக்கெய்ன் இருந்தது.

ஒழுங்குமுறை, அபராதம், பீர்த் தடை எல்லாவற்றையும்விட, பக்கத்து அறையில் அந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்த ஒருத்தர் சம்பளத்தோடு உட்கார்ந்திருந்ததுதான் பேஸ்பால் இதில் உருப்படியாகச் செய்தது. என் கட்சி அதுதான். சாம் மெக்டவல் இன்னொரு உதாரணம். ஐந்து முறை லீக்கிலேயே அதிக ஸ்டிரைக்அவுட் எடுத்தவர், குடியால் கெட்டவர், தெளிந்த பிறகு ரேஞ்சர்ஸுக்கும் டொராண்டோவுக்கும் ஆலோசகர்.

#13 கோணங்கி

நியூகோம் விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். நாளைக்குத் திறப்பேன்.

#14 ஏழாவது இன்னிங்ஸ்

விதிமுறை பற்றியும் ஒரு வரி. போதைப்பொருளுக்குத் தனிச் சட்டம், தடை எல்லாம் உண்டு. குடி சட்டப்படி குற்றமில்லை என்பதால் ரொம்ப நாள் அது அந்தந்த அணியின் இஷ்டம். 2011 கடைசியில் போட்ட தொழிலாளர் ஒப்பந்தத்தில்தான், குடித்து ஓட்டிக் கைதாவது போன்ற சம்பவம் நடந்தால் நிபுணரிடம் கட்டாயப் பரிசோதனை என்று வந்தது.

ஏஞ்சல்ஸுக்கு இன்னொரு கோணமும் உண்டு, நேற்று ராத்திரி யோசித்தது. 2009 ஏப்ரல் 9, அவர்களுடைய பிட்சர் நிக் ஏடன்ஹார்ட், 22 வயது, ஆறு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசிவிட்டுப் போன சில மணி நேரத்தில், குடித்துவிட்டு ஓட்டிய ஒருவன் மோதி இறந்தார். கூட இருந்த மூன்று நண்பர்களில் இரண்டு பேரும் போனார்கள். அந்த வீட்டில் குடி என்றாலே வேறு அர்த்தம் இருந்திருக்கலாம் அல்லவா? என் ஊகம்தான்.

#15 கோணங்கி

நாளை வந்துவிட்டது. அதே 2009 செப்டம்பரில் தங்கள் பிரிவில் (டிவிஷன்) முதலிடம் பிடித்ததும் ஏஞ்சல்ஸ்காரர்கள் ஏடன்ஹார்ட்டின் சட்டையை வைத்து அதன்மேலேயே பீரும் ஷாம்பெயினும் ஊற்றிக் கொண்டாடினார்கள். பாசத்தில் செய்தது, கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அதில் யாருக்குமே ஒரு விநாடி உறுத்தவில்லை என்றால், உங்கள் ஊகம் நிற்காது ஐயா.

#16 ஏழாவது இன்னிங்ஸ்

நிற்கவில்லை. எடுத்துக்கொள்கிறேன்.

#17 பழம்பேப்பர்

கோணங்கிக்கு இன்னொரு தீனி. மாட் புஷ், 2004இல் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். 2012இல் ஃபுளோரிடாவில் குடித்துவிட்டு ஓட்டி, 72 வயது மோட்டார் சைக்கிள்காரர்மீது ஏற்றினார். அவர் பிழைத்தது அதிசயம். மூன்று வருடத்துக்கு மேல் சிறை. கடைசிக் கட்டத்தில் வெளியே வேலைக்கு விட்டார்கள், ஜாக்சன்வில்லில் கோல்டன் கோரல் பஃபே உணவகத்தில். காலில் கண்காணிப்புப் பட்டை. ரேஞ்சர்ஸ் ஆள் ராய் சில்வர் அங்கேயே போய், கார் நிறுத்துமிடத்தில் அவரைப் பந்து வீசச் சொல்லிப் பார்த்தார். ஹாமில்டனைக் கைதூக்கிவிட்டதிலும் சில்வருக்குப் பங்கு உண்டு. பந்து புகைந்துகொண்டு வந்தது. ஒரு சொட்டுக் குடித்தாலும் வெளியே என்ற நிபந்தனையோடு எடுத்தார்கள், தந்தை கூடவே தங்கினார். 2016 மே மாதம், 30 வயதில், மேஜர் லீகில் முதல் ஆட்டம்.

2024 அக்டோபரில் ஆர்லிங்டனில் குடித்து ஓட்டியதாக மறுபடி கைதானார்.

#18 கோணங்கி

தீனி வேண்டாம் அண்ணே. பசி போய்விட்டது. அந்த 72 வயதுக்காரருக்கு எந்த அணி ஜிஞ்சர் ஏல் வாங்கி வைத்தது என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன்.

#19 ஸ்டால்காரன்

போன வாரம் ஒருவர் வரிசையில் வந்து ஜிஞ்சர் ஏல் இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் ஸ்டாலில் பதினொரு வகை பீர், நாலு வகை சோடா, அது மட்டும் இல்லை. இந்த இழை ஞாபகம் வந்து பக்கத்து ஸ்டாலுக்கு ஓடிப்போய்க் கேட்டேன், அங்கேயும் இல்லை. மனுஷன் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு ஒருவேளை வயிறு சரியில்லாமல் இருந்திருக்கலாம்.

#20 மீனாட்சிபுரத்தான்

நான் ஏன் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். என் மச்சான் மையத்திலிருந்து வருகிற திங்கள் வெளியே வருகிறார். அடுத்த மாதம் வீட்டில் கல்யாணம். மொட்டை மாடியில் எப்போதும் போல ஒரு குடிக் கச்சேரி நடக்கும், எங்கள் வீட்டில் அதை யாராலும் தடுக்க முடியாது. அவரை அந்த ராத்திரி எங்காவது அனுப்பிவிடலாம் என்கிறார் அப்பா. வார்டு அக்கா, என்ன செய்ய?

#21 வார்டு ஏழு

அனுப்பாதீர்கள். ஒதுக்கி வைத்தால் அந்தக் கோபத்திலேயே போவார். மாடியில் நடக்கப் போவதை முன்கூட்டியே அவரிடம் சொல்லுங்கள். அன்று ராத்திரி குடிக்காத ஒரு ஆள், அவருக்குப் பிடித்த ஆள், கூடவே இருக்கட்டும். கிளம்பலாம் என்று அவர் சொன்ன நிமிடம் வண்டி கிளம்ப வேண்டும், ‘சாப்பிட்டுப் போகலாமே’ என்று யாரும் இழுக்கக் கூடாது. மாத்திரையை அவரே எடுத்துக்கொள்கிறாரா என்று பாருங்கள், மைய டாக்டரிடமும் கல்யாணத் தேதியைச் சொல்லிவையுங்கள். யாராவது ‘ஒரே ஒரு ரவுண்டு’ என்று வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், அவர் இல்லை.

#22 மீனாட்சிபுரத்தான்

நன்றி அக்கா. கூட இருப்பதற்கு நானே இருக்கிறேன். ஒரே ரவுண்டு என்று வரப்போவது யார் என்றும் தெரியும், பெரிய மாமா. கல்யாணச் செலவில் பாதி அவருடையது. அவரிடம் போய்ச் சொல்வது யார் என்று இரண்டு நாளாக வீட்டில் பேச்சு நடக்கிறது, இன்னும் ஆள் கிடைக்கவில்லை.